பழைய காருக்கு இன்ஜின் ஆயில்: வெயில் ஊர்களில் தேர்வு

இன்ஜினுக்குள் உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பது, பிஸ்டனும் பேரிங்கும் கக்கும் சூட்டை வாங்கி வெளியேற்றுவது, எரிந்த கரியையும் அமிலத்தையும் தன்னுள் பிடித்துவைப்பது ஆகியவை இன்ஜின் ஆயிலின் வேலைகள். ஆயிலின் தடிப்பும் அதில் கலந்துள்ள சேர்மானங்களும் இன்ஜினின் அமைப்புக்குப் பொருந்தினால்தான் இவை ஒழுங்காக நடக்கும். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கார்புரேட்டர் வைத்த மாருதி 800 போன்ற வண்டிகள் இன்றைய இளக்கமான ஆயில்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே வடிவமைக்கப்பட்டவை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர், கரூர், மதுரை போன்ற ஊர்களில் இவற்றுக்கு எதை ஊற்றுவது என்ற கேள்விக்கு ஒர்க்‌ஷாப்புகளில் கிடைக்கும் வழக்கமான பதில், “வண்டி பழசு, வெயில் ஊரு, நல்லா திக்கா ஊத்திருங்க” என்பதுதான். அது பாதிதான் சரி.

டப்பாவில் உள்ள எண்கள்

ஆயிலின் தடிப்பை எண்ணால் குறிக்கும் முறையை அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. 1911இல் தொடங்கியது. இன்று அது ஜே300 என்ற தரநிலையாக வழங்குகிறது. 20டபிள்யூ-50 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் இன்ஜினைச் சுழற்றும்போது ஆயில் எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்கிறது. 20டபிள்யூ ஆயிலைச் சோதிப்பது மைனஸ் 15 டிகிரியில். 15டபிள்யூவை மைனஸ் 20இல். 10டபிள்யூவை மைனஸ் 25இல். சனவரியில் உறைபனி விழும் ஊட்டியில்கூட இந்தக் குளிர் கிடையாது. ஆகவே தமிழ்நாட்டில் 20டபிள்யூ ஆயில் வண்டியை எங்கும் ஸ்டார்ட் ஆகாமல் நிறுத்திவிடாது.

பின்னால் உள்ள எண் 100 டிகிரியில் ஆயிலின் தடிப்பைக் காட்டும். இதன் அலகு சென்டிஸ்டோக்ஸ். 30 என்றால் 9.3 முதல் 12.5க்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9க்குள் இருக்க வேண்டும்.

டப்பாவில் அச்சிடாத இன்னோர் எண்ணும் உண்டு. கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே மயிரிழையிலும் மெல்லிய படலமாக ஆயில் நசுங்கும்போது அதற்கு எவ்வளவு வலு மிஞ்சுகிறது என்பதை 150 டிகிரியில் அளப்பார்கள். 30 கிரேடுக்கு இதில் குறைந்தபட்சம் 2.9 மில்லிபாஸ்கல் வினாடி தேவை. 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 மூன்றுக்கும் 3.7 தேவை. அதாவது 40இலிருந்து 50க்குத் தாவினால் பேரிங்குக்குக் கிடைக்கும் உத்தரவாதமான குறைந்தபட்ச வலு கூடுவதில்லை. 30இலிருந்து 40க்குப் போகும்போதுதான் பெரிய வித்தியாசம்.

வெயில் உண்மையில் என்ன செய்கிறது

சூடேறிய இன்ஜினில் கூலன்ட் 80 முதல் 90 டிகிரிக்குள் இருக்கும்படி தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்கிறது. வெளியே 28 டிகிரி ஆனாலும் 42 ஆனாலும், ரேடியேட்டர் நன்றாக இருக்கும்வரை அந்த அளவு பெரிதாக மாறாது. ஆயிலின் கதை வேறு. பழைய கார்களில் பெரும்பாலும் ஆயில் கூலர் இல்லை. சம்ப் எனும் ஆயில் தொட்டியின் அடிப்பக்கத்தில் மோதும் காற்றுதான் ஆயிலை ஆற்றுகிறது. தார்ச்சாலையிலிருந்து எழும் அனல்காற்று மோதினால் ஆயிலின் சூடும் கூடவே ஏறும். அதிலும் பிற்காலத்தில் ஏ.சி. பொருத்திய அம்பாசடர், நான்கு பேரும் லக்கேஜுமாக மேம்பாலம் ஏறி, டோல்கேட்டில் வரிசையில் நின்றால் சொல்லவே வேண்டாம்.

இந்த ஏற்றத்தின் விலையைக் கணக்காகவே பார்க்கலாம். 100 டிகிரியில் 14.5 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும் சாதாரண 15டபிள்யூ-40, 110 டிகிரியில் ஏறக்குறைய 11.5க்கு இறங்கிவிடும். அது 30 கிரேடு ஆயில் 100 டிகிரியில் காட்டும் தடிப்பு. 100இல் 18.5 இருக்கும் 20டபிள்யூ-50, 110 டிகிரியில் சுமார் 14.5க்கு வரும். ஆயிலின் சூடு பத்து டிகிரி ஏறினால் ஒரு கிரேடு கரைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வெயில் காலத்தில் ஒரு கிரேடு கெட்டியாகப் போவதற்கு இதுவே நியாயம். இரண்டு கிரேடு ஏறுவதற்கு இதில் இடமில்லை.

சூடு ஆயிலின் ஆயுளையும் குறைக்கிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயில் காற்றோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே வெயில் காலத்தில் கிரேடைப் பற்றி யோசிப்பதைவிட ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவது பெரும்பாலும் அதிகப் பலன் தரும்.

இனி அந்தப் பாதி உண்மையின் மறுபாதி. காலை ஆறு மணிக்குச் சென்னையில் 30 டிகிரி என்றால் மனிதருக்குப் புழுக்கம். இன்ஜினுக்கு அது குளிர். 20டபிள்யூ-50 ஆயில் 30 டிகிரியில் சுமார் 270 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும். ஓடிச் சூடேறிய பிறகு இருக்கும் தடிப்பைப் போல அது பதினைந்து மடங்கு. 15டபிள்யூ-40 அதே காலையில் 180 அளவில் நிற்கும். கெட்டி ஆயில் வால்வுகள் இருக்கும் மேல்மாடிவரை ஏறிச்சேரக் கூடுதல் நேரம் எடுக்கும். அதுவரை முந்தைய நாள் ஒட்டிக்கொண்டிருந்த படலத்தை நம்பித்தான் இன்ஜின் சுற்றுகிறது. இந்தச் சில வினாடிகளில் தேய்மானம் அதிகம். வெயில் ஊரில் குளிர் ஸ்டார்ட் ஒரு பிரச்சினையே இல்லை என்பது தவறான எண்ணம். தினம் மூன்று கிலோமீட்டர் கடைக்குப் போய்த் திரும்பும் வண்டிக்கு வெயிலைவிட இதுதான் பெரிய ஆபத்து.

இங்கே நம் ஊர் மெக்கானிக்குகளின் ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். வண்டி ஹீட் ஆகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். பிறகு பைபாஸில் சீராக ஓடும்போது இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது. ஆயிலில் சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கி, வால்வு கவரின் உள்ளே கருங்களியாகப் படியும். இந்தக் களியைப் பார்த்து ஆயிலைக் குறை சொல்பவர்கள் முதலில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எந்த வண்டிக்கு எது

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 மே வரை தயாரித்த அம்பாசடரின் பழைய 1489 சிசி இன்ஜின், பிரிட்டனின் பி.எம்.சி. பி-வரிசையைச் சேர்ந்தது. புஷ்ராட், தட்டையான டேப்பட், தாராளமான பேரிங் இடைவெளி ஆகியவை அதன் அடையாளங்கள். சம்ப் நான்கு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். பிரிட்டனில் டக்ஹாம்ஸ் நிறுவனம் 1960களில் 20டபிள்யூ-50 ஆயிலைக் கொண்டுவந்த பின், அந்த நாட்டு இன்ஜின்களுக்கு அதுவே வழக்கமான கிரேடாகிவிட்டது. அம்பாசடருக்கும் ஹெரால்டுக்கும் இன்றும் அதுவே பொருத்தம். மினரல் ஆயிலே போதும். விலை உயர்ந்த எதுவும் வேண்டாம். 1990களில் அம்பாசடரில் வந்த 1800 இசுசு இன்ஜினை இதே கணக்கில் சேர்க்கக் கூடாது. அது ஜப்பானிய வடிவமைப்பு. இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால் 15டபிள்யூ-40 அதற்குச் சரி.

பிரீமியர் பத்மினி, ஃபியட் 1100இன் வழிவந்த 1089 சிசி புஷ்ராட் வண்டி. 20டபிள்யூ-50 அல்லது 20டபிள்யூ-40 இரண்டுமே ஒத்துப்போகும். கோடையில் முன்னது, மலையூரில் பின்னது என்று வைத்துக்கொள்ளலாம்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800இல்தான் மெக்கானிக்குகள் அதிகம் தவறு செய்கிறார்கள். அதன் 796 சிசி மூன்று சிலிண்டர் சுஸுகி இன்ஜினில் இடைவெளிகள் இறுக்கமானவை. ஆயில் பம்ப் சிறியது. மொத்த ஆயிலே மூன்று லிட்டருக்குள். அம்பாசடருக்கு ஊற்றிய கையோடு மாருதிக்கும் 20டபிள்யூ-50 ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. தேய்ந்து ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கு அது தற்காலிக ஒத்தடம். நல்ல இன்ஜினுக்கு அது பிக்கப்பையும் மைலேஜையும் கொஞ்சம் தின்னும். 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 அதற்கு நிறைவு.

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோ, 1999இல் மறைமலைநகரிலிருந்து வந்த ஃபோர்டு ஐகான் போன்றவையும் இன்று பழைய வண்டிகள்தான். ஆனால் அவை இளக்கமான ஆயில் பழகிய தலைமுறை. கையேட்டில் 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40 என்று எது இருக்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டி, கோடையில் ஆயில் குறைகிறது என்றால் ஒரு படி ஏறலாம்.

டீசல் அம்பாசடருக்கும் மற்றப் பழைய டீசல் வண்டிகளுக்கும் 15டபிள்யூ-40, சிஹெச்-4 அல்லது சிஐ-4 தரம் போதும். புகைவடிகட்டி வைத்த புது டீசல்களுக்காக வந்த சிகே-4 இவற்றுக்குத் தேவையில்லை.

துத்தநாகமும் பாஸ்பரசும்

ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தரக்குறிகளும் டப்பாவில் இருக்கும். பெட்ரோல் இன்ஜினுக்கு எஸ் என்று தொடங்கும்: எஸ்.எல். 2001, எஸ்.எம். 2004, எஸ்.என். 2010, எஸ்.பி. 2020. எழுத்து பின்னால் போகப் போகப் புதியது. எஸ்.எஃப்., எஸ்.ஜி. என்ற 1980களின் தரங்கள் வழக்கொழிந்தவை. அவற்றை மட்டுமே அச்சிட்டிருக்கும் டப்பாவைத் தொடாமல் விடுவது நல்லது.

புதிய தரம் எல்லாம் பழைய வண்டிக்கும் ஆகும் என்பது ஏ.பி.ஐ.யின் பொது நிலை. இதில் ஒரு சர்ச்சை உண்டு. தட்டையான டேப்பட்டின் மேல் கேம் ஷாஃப்ட் சறுக்கி ஓடும் இன்ஜின்களில், அந்தத் தொடுமுனையின் அழுத்தத்தைத் தாங்கி, உலோகத்துக்குப் பதில் தான் தேயும் படலத்தைத் தருவது இசட்.டி.டி.பி. என்ற துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். 1940களிலிருந்து ஆயிலில் கலக்கப்படுகிறது. இதிலுள்ள பாஸ்பரஸ் சைலன்சரில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் எஸ்.ஹெச். தரத்தில் 0.12 சதவீதம், எஸ்.ஜே.யில் 0.10, எஸ்.எம். முதல் 0.08 என்று உச்சவரம்பு இறங்கியது. பழைய கேம் ஷாஃப்ட்டுகள் இதனால் தேய்ந்துபோகும் என்ற அச்சம் பழைய கார் ஆர்வலர்களிடையே பரவியது.

அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் ஒரு விவரத்தைத் தவறவிடுகிறார்கள். அந்த உச்சவரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற இளக்கமான, எரிபொருள் சிக்கனக் கிரேடுகளுக்குத்தான். 15டபிள்யூ-40க்கும் 20டபிள்யூ-50க்கும் அது பொருந்தாது. எனவே தன் வண்டிக்கு ஏற்ற கெட்டி கிரேடை வாங்கும் அம்பாசடர்காரருக்குத் தனியாகத் துத்தநாகப் புட்டி வாங்கி ஊற்றும் அவசியம் இல்லை. அதே வண்டிக்கு 5டபிள்யூ-30 ஊற்றுபவர்தான் இரண்டு பக்கமும் இழக்கிறார். ஃபோர்டு ஐகானின் ரோகாம் இன்ஜினில் கேம் ஷாஃப்ட் உருளைமேல் ஓடுவதால் இந்தக் கவலையே எழாது.

இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளில் கெடுவதற்குக் கன்வெர்ட்டரே இல்லை. பாஸ்பரஸ் கூடுதலாக இருந்தாலும் நட்டமில்லை.

சிந்தெடிக் தேவையா

உயர் சூட்டில் சீக்கிரம் கெடாமல் இருப்பதில் சிந்தெடிக் ஆயிலுக்கு ஈடில்லை. ஆனால் வருடத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் பழைய வண்டியில் மினரல் ஆயிலை அடிக்கடி மாற்றுவது மலிவு. சிந்தெடிக் ஊற்றினால் ஒழுகும் என்ற புகார் தொடக்ககாலத்து ஆயில்கள் ரப்பர் சீலைச் சுருக்கிய நாள்களிலிருந்து வருவது. இன்றைய ஆயில்களில் அதைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். இருந்தும் பழைய களி அடைத்துவைத்திருந்த கசிவு, புது ஆயில் அந்தக் களியைக் கழுவியபின் வெளியே தெரியலாம்.

கிரேடு இடைவெளியும் கவனிக்கத்தக்கது. 10டபிள்யூ-40 மினரல் ஆயிலில் இரு முனைகளையும் இழுத்துப் பிடிக்கப் பாலிமர் அதிகம் சேர்க்க வேண்டும். இன்ஜினுக்குள் அரைபட்டு அந்தப் பாலிமர் அறுந்தால் 40 என்பது 30ஆகத் தேயும். 20டபிள்யூ-40இல் இடைவெளி குறைவு, பாலிமரும் குறைவு. குளிரில்லாத ஊரில் அதை மதிக்கலாம்.

ஒழுகலும் ஆயில் குடிப்பதும்

பழைய 1489 சிசி அம்பாசடரின் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகுப்பள்ளம்தான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. நிறுத்திய இடத்தில் கிளட்ச் ஹவுசிங்கிலிருந்து சொட்டு விழுவது அந்த வடிவமைப்பின் பிறவிக் குணம். கெட்டி ஆயில் சொட்டைக் குறைக்கும், நிறுத்தாது. இதற்காக 60 கிரேடு தேடி அலைய வேண்டியதில்லை.

நீலப் புகைக்கும் இரண்டு முகம். ஆக்சிலேட்டர் விட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் குபுக்கென வந்தால் வால்வு சீல். ஏற்றத்தில் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். முன்னதற்குக் கெட்டி ஆயில் ஓரளவு உதவும். பின்னதற்கு இன்ஜின் வேலைதான் தீர்வு. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும் இன்ஜினை எந்தக் கிரேடும் காப்பாற்றாது.

சூடான ஐடிலில் ஆயில் லைட் மினுக்கினால் கதை தீவிரம். கேஜ் உள்ள வண்டியில் 1,000 ஆர்.பி.எம்.முக்குப் பத்து பி.எஸ்.ஐ. அழுத்தம் இருக்க வேண்டும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. ஒரு கிரேடு ஏற்றிப் பார்க்கலாம். அப்போதும் மினுக்கினால் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

ஸ்டிக்கை எடுத்து முகர்வது

கிரேடு சரியாக இருந்தும் ஆயில் இளகிப்போகும் காரணம் ஒன்று உண்டு. கார்புரேட்டர் வண்டிகளில் இன்ஜினோடு சேர்ந்த மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் இருக்கும். அதனுள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேரே சம்ப்பில் இறங்கும். ஆயில் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தால் மட்டம் முன்பைவிட ஏறியிருக்கும். குறைய வேண்டிய ஆயில் ஏறுவதே முதல் சந்தேகம். முனையில் தொங்கும் துளியை இரு விரலுக்கு நடுவே தேய்த்தால் வழுவழுப்பு இல்லாமல் தண்ணீர் போல ஓடும். மூக்கருகே கொண்டுபோனால் பங்க் வாசனை. இந்த நிலையில் 20டபிள்யூ-50 புதிதாக ஊற்றினாலும் சில நாளில் அதுவும் இளகும். பம்ப்பை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பின்னரே வண்டியை எடுக்க வேண்டும்.

ஸ்டிக்கிலோ ஆயில் மூடியின் உட்புறத்திலோ பால் நிறக் கூழ் தெரிந்தால் ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். ஹீட் ஆகி நின்ற வண்டிகளில் கோடையில் இது சகஜம்.

மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். கிராங்க் அதைக் கடைந்து நுரைக்க வைக்கும். நுரை பேரிங்கைத் தாங்காது.

வாங்கும்போதும் மாற்றும்போதும்

சென்னை மணலியில் உள்ள சி.பி.சி.எல். சுத்திகரிப்பாலை மசகு ஆயிலுக்கான அடிப்படை எண்ணெயைத் தயாரிக்கிறது. அதே மணலியில் ஆயில் சேர்மானம் செய்யும் ஆலையும் இருக்கிறது. நல்ல ஆயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. பஞ்சம் நம்பிக்கையான கடைக்குத்தான். பேரலிலிருந்து அளந்து தரும் லூஸ் ஆயிலில் வடிகட்டிய பழைய ஆயில் கலக்கும் வாய்ப்பு அதிகம். சீல் உடையாத டப்பா, தயாரிப்புத் தேதி, பேட்ச் எண், ஐ.எஸ். 13656 அல்லது ஏ.பி.ஐ. குறி ஆகியவற்றைப் பார்த்து, பில்லோடு வாங்க வேண்டும். 4டி என்று அச்சிட்ட 20டபிள்யூ-40 மோட்டார் சைக்கிளுக்கானது; கிளட்ச் வழுக்காதிருக்க அதன் சேர்மானம் வேறு விதமாக அமைந்திருக்கும். அவசரத்துக்கு ஒரு லிட்டர் சேர்க்கலாம், வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

மினரல் ஆயிலை 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்தியோ அப்போது மாற்றலாம். ஆண்டுக்கு ஒரே மாற்றம் என்று இருப்பவர்கள் அதைச் சித்திரை பிறக்கும் முன் செய்வது நல்லது. வடிக்கும்போது மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி இன்ஜினைச் சுற்றிக் கழுவும் வழக்கத்தைக் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். குழாய்களில் தங்கும் அந்த எண்ணெய் புது ஆயிலை முதல் நாளே இளக்கிவிடும். ஃபில்டரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பதும் வேண்டாம். அதனுள் தங்கும் கறுப்பு ஆயில் புதியதோடு உடனே கலக்கும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடுவதும் மரச்சட்டங்களுக்குப் பூசுவதும் இன்னும் நடக்கிறது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்கீழ் பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவாகும். அதைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பிலேயே ஆயில் மாற்றுங்கள்.